இலவச போக்கர் போட்டி: அவசரப்படாம ஆடுங்க

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் காலேஜ் படிக்கிற தம்பிங்க, வேலைக்குப் போறவங்க, போன்ல போக்கர் ஆடுறவங்க எல்லாருக்கும்தான் இந்தப் பேச்சு. காசு கட்டாம நுழையற போட்டி, ஃப்ரீரோல்னு சொல்றாங்களே, அதை எப்படி ஆடணும், எந்த இடத்துல நிறுத்தணும்னு சொல்றேன்.

வீட்டுல ரம்மி ஆடிப் பழகினவங்களுக்கு முதல்ல ஒரு வார்த்தை. ரம்மியில பதிமூணு சீட்டையும் அடுக்கிப் பார்க்க நேரம் இருக்கு. இங்க கையில ரெண்டே சீட்டு, மேசையில எல்லாருக்கும் பொதுவா அஞ்சு. வர்ற கையில முக்கால்வாசிக்கு மேல ஃபோல்டு பண்ணிட்டு, அதாவது கையை விட்டுட்டு, சும்மா உட்காரத் தெரியணும். பல பேரால முடியாதது அதுதான்.

போட்டி ஆரம்பிச்ச முதல் பத்து நிமிஷம் பாருங்க, ஆளாளுக்கு ஆல்-இன், அதாவது இருக்கிற சிப்ஸ் மொத்தத்தையும், போடுவாங்க. போனா என்ன, சும்மா வந்ததுதானேன்னு ஒரு நினைப்பு. உங்க கையில ராஜாவும் ஜாக்கியும் இருக்கு, பார்க்க அழகா இருக்கு. முன்னாடி ரெண்டு பேர் ஆல்-இன் போட்டாச்சு. விட்டுடுங்க. ரெண்டுல ஒருத்தர்கிட்ட ஏஸ் இருந்தாலே நீங்க பின்தங்கிட்டீங்க.

ஜோடி ஏஸ் வந்தா? சராசரியா 221 கைக்கு ஒரு தடவைதான் வரும். எதிர்ல ஏதோ ரெண்டு சீட்டோட ஒருத்தர் மட்டும் இருந்தா 100க்கு 85 தடவை ஜெயிக்கும். அதே ஏஸோட நாலு பேரை எதிர்த்து நின்னா 56க்கு இறங்கிடும். அதனால நல்ல கை வந்தா ஒளிச்சு வெச்சு விளையாடாதீங்க, பெருசா போட்டுக் கூட்டத்தைக் குறைங்க. சின்னதா போட்டு அஞ்சு பேரையும் உள்ள விட்டுட்டு அப்புறம் அதிர்ஷ்டம் இல்லன்னு புலம்பறது நியாயம் இல்ல.

பிளஃப் பண்றதை ஆரம்பத்துல மறந்துடுங்க. ஃபோல்டு பண்ணவே மாட்டேன்னு உட்கார்ந்திருக்கிறவரை எதைச் சொல்லி மிரட்டுவீங்க? அவர்கிட்ட நிஜமான கையோடதான் போகணும்.

இலவசப் போட்டியில மட்டும் அதிகமா கிடைக்கிற ஒரு வசதி இருக்கு. பேர் பதிஞ்சுட்டு வராமலே போறவங்க நிறைய. அவங்க இருக்கையில ஆள் இருக்காது, ஆனா சுற்றுக்குச் சுற்று அவங்க சிப்ஸ்ல இருந்து பிளைண்ட், அதாவது சீட்டுப் பார்க்கிறதுக்கு முன்னாடியே வைக்க வேண்டிய கட்டாயப் பந்தயம், போயிட்டே இருக்கும். உங்களுக்கு இடது பக்கம் அப்படி ரெண்டு பேர் இருந்தா, மத்தவங்க ஃபோல்டு பண்ணினதும் சாதாரண கைக்கே கொஞ்சம் உயர்த்தி அந்த பிளைண்டை எடுத்துக்கலாம். மேசையில உட்கார்ந்ததும் யார் இல்லைன்னு பாருங்க.

பிளைண்ட் வேகமா ஏறும். கடைசிப் பகுதியில உங்ககிட்ட 12,000 சிப்ஸ், பெரிய பிளைண்ட் 2,000னு வைங்க. ஆறு பிளைண்ட்தான் மிச்சம். டீலர் இடத்துல நீங்க, கையில ஏஸ்-ஒன்பது, முன்னாடி யாரும் இறங்கல. இங்க பாதி போட்டுப் பார்க்கிற வேலை வேண்டாம். முழுசா தள்ளுங்க. பத்து பிளைண்டுக்குக் கீழ வந்துட்டா ஒண்ணு ஆல்-இன், இல்ல ஃபோல்டு.

இவ்வளவு ஒழுங்கா ஆடினா என்ன கிடைக்கும்? கிறிஸ் ஃபெர்குசன்னு ஒரு அமெரிக்கர், 2000ல போக்கர் உலகப் பட்டம் ஜெயிச்சவர். 2006ல ஒரு காசும் போடாம இலவசப் போட்டியில ஆரம்பிச்சு 10,000 டாலர் சேர்க்கிறேன்னு இறங்கினார். சேர்த்தார். ஆனா ஏறத்தாழ ஒன்றரை வருஷம் ஆச்சு, முதல் பல மாசம் சில டாலரைத் தாண்டவே இல்ல. அவர் ஆடின ஃபுல் டில்ட் தளத்தை 2011 ஏப்ரல்ல அமெரிக்க அரசு முடக்கினப்போ ஆடினவங்க பணம் வருஷக்கணக்கா மாட்டிக்கிச்சு. சாம்பியனுக்கே அவ்வளவுதான்னா, இதை வருமானமா நினைச்சுப் படிப்பையோ வேலையையோ விடாதீங்க.

இப்போ நிறுத்த வேண்டிய இடம். போக்கரும் ரம்மியும் திறமை ஆட்டம்னு 2023 நவம்பர்ல சென்னை உயர்நீதிமன்றம் சொன்னதை இன்னும் சில பேர் காட்டுறாங்க. அதுக்கப்புறம் 2025 ஆகஸ்ட்ல பாராளுமன்றம் புதுச் சட்டம் போட்டாச்சு. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டிப் பணம் ஜெயிக்கிற ஆன்லைன் ஆட்டத்தை யாரும் நடத்தக் கூடாது. நம்ம நாட்டுப் பெரிய போக்கர் கம்பெனிங்க பண ஆட்டத்தை நிறுத்திட்டாங்க. அதனால இலவசப் போட்டி ஆடும்போது டெலிகிராம்ல ஒரு லிங்க் வந்து, 500 ரூபாய் போட்டா பெரிய மேசைன்னு ஆசை காட்டினா, அந்தப் பக்கமே போகாதீங்க. அங்க பணம் போனா கேட்க நாதி இல்ல.

தடை பண்ணின ஆட்டம் என்ன செய்யும்னு விழுப்புரத்துக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல. தமிழ்நாட்டுல லாட்டரி 2003லயே தடை. 2019 டிசம்பர்ல, மூணு நம்பர் லாட்டரியில சிக்கின ஒரு நகைத் தொழிலாளியோட குடும்பமே விழுப்புரத்துல இல்லாம போச்சு. நினைச்சா இப்பவும் மனசு பதறுது. தோத்ததை வெளிய சொல்ல முடியாம உள்ளுக்குள்ளயே வெந்து போறவங்க நம்ம தெருவுலயே இருக்கலாம். அப்படி யாராவது இருந்தா, 14416ங்கிற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம். இலவசமா, தமிழ்லயே பேசுவாங்க.

இன்னொண்ணு. பரிசு விழுந்திருக்கு, அதை வாங்க முதல்ல வரி கட்டுங்க, ஓடிபி சொல்லுங்கன்னு போன் வந்தா அது மோசடி. பணம் போயிருந்தா அந்த நிமிஷமே 1930ங்கிற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அடிங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, பணத்தை பேங்க்ல தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.