சிப்பிக்குக் காத்திருக்கத் தெரியும்

(நிலக்கோட்டையில் விவசாயத் தொழிலாளரும் மில் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் பேசியது)



கடலுக்கும் நிலக்கோட்டைக்கும் என்னய்யா சம்பந்தம் என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் கேட்கிறார். நியாயமான கேள்விதான். நம்மூருக்குச் சிப்பி வருவதெல்லாம் வெற்றிலையில் தடவும் கிளிஞ்சல் சுண்ணாம்பாகத்தான். இருந்தாலும் இன்று சிப்பியைப் பற்றித்தான் பேசப் போகிறோம். அதற்கு முன்னால் பூவைப் பற்றி ஒரு வார்த்தை.

மல்லிகை மொட்டை இருட்டோடு எழுந்து பறிக்கிறோம். அன்று மாலையே அது மலர்ந்துவிடும். மலர்ந்த பூவை யார் வாங்குவார்? ஆகவே மார்க்கெட்டில் சொன்ன விலைக்குக் கூடையைக் கவிழ்க்கிறோம். ஒருமுறை நாமும் ஒரு தோழருடைய கூடையைத் தூக்கிக்கொண்டு ஒரு கடைக்குப் போனோம். விலை கட்டாது என்றோம். கடைக்காரர் கோபப்படவில்லை, சிரித்தார். "சரி, கொண்டு போங்கள், சாயங்காலம் வாருங்கள்" என்றார். சாயங்காலம் அந்தப் பூவின் கதி என்ன என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். கூடையைக் கவிழ்த்துவிட்டு வந்தோம்.

தூத்துக்குடி முத்துக்குளிப்பிலும் இதே கதைதான். வெள்ளைக்காரன் காலத்தில், மூச்சடக்கி முங்கி எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. மூன்றில் ஒன்று முங்கியவனுக்கு. சர்க்கார் தன் பங்கை ஆயிரக் கணக்கில் ஏலம் விட்டது. முங்கியவனோ தன் பங்கைத் திறந்துகூடப் பார்க்காமல் கரையிலேயே சில்லறையாக விற்றான். சிப்பியை அழுகவிட்டு, கழுவி, முத்தைப் பொறுக்கப் பல நாள் ஆகும். அடுப்பு அத்தனை நாள் பொறுக்குமா? உள்ளே முத்து இருந்தால் அது வாங்கியவன் அதிர்ஷ்டம்! அந்த முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது.

இனி தின்னும் சிப்பிக்கு வருவோம். அதை வளர்க்கும் முறையை மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1970-களில் நம் தூத்துக்குடியிலேதான் சோதித்துப் பார்த்தார்கள். ஆனால் தொழிலாக அது ஊன்றியது கேரளத்தில், கொல்லத்துக்கு அருகே அஷ்டமுடிக் காயலில், 1990-களில். நம் கரையில் கண்டது அடுத்த கரையில் பலன் தந்தது. அது நமக்கு வருத்தமே.

வேலை எப்படி? காயலில் கழிகளை நட்டுப் பந்தல் போடுகிறார்கள். நம் அவரைப் பந்தல் மாதிரிதான். தண்ணீருக்கு மேல் நிற்கிறது. காலிச் சிப்பி ஓடுகளைத் துளையிட்டு, நைலான் கயிற்றில் ஐந்தாறாகக் கோத்துத் தொங்கவிடுகிறார்கள். தண்ணீரில் மிதந்து திரியும் சிப்பிக் குஞ்சு தானாக வந்து ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். தீவனம் கிடையாது, உரம் கிடையாது. தண்ணீரை உறிஞ்சி வடிகட்டி, அதிலுள்ள நுண்ணிய பாசியைத் தின்றே வளர்கிறது. மழைக்காலம் முடிந்து தண்ணீரில் உப்பேறியதும் ஓட்டைக் கட்டினால், அடுத்த தென்மேற்குப் பருவமழை கொட்டி நன்னீர் புகுமுன் அறுவடை செய்துவிட வேண்டும். நன்னீர் மிஞ்சினால் சிப்பி செத்துப்போகும்.

ஒரு குழி நிலம் இல்லாதவர்களும் இதைச் செய்யலாம் என்பதைக் கவனியுங்கள். கேரளத்தில் இதை எடுத்து நடத்துகிறவர்களில் பெண்கள் குழுக்கள் அநேகம்.

விற்பனையில்தான் விஷயம் இருக்கிறது. சிப்பியை உடைத்துச் சதையாக விற்றால் பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ தேறுவதே பாடு. அந்தச் சதையும் பூவைப் போலத்தான். ஐஸ் இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். வாங்குகிறவன் வைத்ததே விலை. அதே சிப்பியை ஓட்டோடு, உயிரோடு வைத்திருந்தால்? அது வாயை இறுக மூடிக்கொண்டு உள்ளே தண்ணீரை அடக்கிக்கொள்ளும். நிழலில் ஈரச் சாக்குப் போட்டால் ஒரு நாள் தாண்டியும் உயிரோடிருக்கும். விலை படியவில்லையா? காயலில் திரும்பவும் தொங்கவிடு! அடுத்த வாரம் வா என்று வியாபாரியிடம் சொல்லலாம். ஓட்டலுக்கும் வீட்டுக்கும் நேராகவே கொடுக்கலாம்.

இதில் சங்கடம் இல்லையா? இருக்கிறது. தண்ணீரை வடிகட்டித் தின்னும் பிராணி, தண்ணீரில் சாக்கடை கலந்தால் அந்தக் கிருமியையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஆகவே விற்குமுன் சுத்திகரித்த உப்புநீர்த் தொட்டியில் ஒரு நாளாவது போட்டு வைக்க வேண்டும். அதைச் சோம்பி ஒருத்தர் விட்டு, தின்றவர் வயிறு கெட்டால், கரை முழுவதும் விற்பனை நின்றுபோகும். தொட்டியைக் கட்ட ஒரு குடும்பத்தால் ஆகாது. பத்துப் பேர் சேர வேண்டும். தெருத்தெருவாய் விற்கப் போகிறவளுக்கு ஒரு நாள் கூலி போகிறது. அதையும் கணக்கில் எழுத வேண்டும். நேர் விற்பனை என்றாலே லாபம் என்று சிலர் பேசுகிறார்கள். நடந்து பார்க்காதவர் பேச்சு அது.

எல்லோரும் கூடை சுமக்க வேண்டியதும் இல்லை. திருவனந்தபுரம் கரையில் மரியநாட்டு மீனவர்கள் சங்கம் வைத்து, கரையில் நடக்கும் முதல் ஏலத்தைத் தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள். ஏலம் கூறுகிறவர் சங்கத்தின் ஆள். கடன் கொடுத்தவர் அல்ல. இப்படிப்பட்ட சங்கங்கள் பெருகி 1980-ல் தென்னிந்திய மீனவர் சங்கக் கூட்டமைப்பு உருவாயிற்று. நம் குமரி மாவட்டத்துக் கடலோரத்துக்கும் அது வந்தது. வாங்கியவர்கள் அதே வியாபாரிகள்தான். தராசு மட்டும் கை மாறியது.

மல்லிகையைத் தொட்டியில் போட முடியாது. அது நமக்குத் தெரியும். ஆனால் உதிரிப் பூவுக்கும் கட்டிய பூவுக்கும் விலை வித்தியாசம் எவ்வளவு, கட்டுக்கூலி போக மிஞ்சுவது யாருக்கு, முன்பணம் வாங்கியவருக்கு எடையில் எவ்வளவு கழிகிறது? பறிக்கிற பெண்கள்தான் இதைச் சொல்ல முடியும். வருகிற ஞாயிற்றுக்கிழமை இதே மரத்தடியில் கூடுவோம். கடைச் சீட்டுக்களைக் கிழித்துப் போடாமல், எரவாணத்தில் செருகியிருப்பதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.