நாள் பாதியானால் செலவும் பாதியா?

(காரைக்குடிப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



ஆணும் பெண்ணும் மனமொத்து வாழ முடியாவிட்டால் பிரிந்து கொள்ளலாம் என்று நாம் சொல்லும்போதெல்லாம், "பிள்ளைகள் கதி என்ன?" என்று வைதீகர்கள் நம்மை மடக்குவதாக நினைத்துக் கேட்கிறார்கள். கேள்வி சரியானதே. ஆனால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்களேயாவார்கள். பெண் நிலம், ஆண் வித்து என்று மனுதர்மம் சொல்லிற்று. விளைச்சலில் நிலத்துக்கு ஏது பாத்தியம்? ஆகவே பிள்ளை தகப்பன் சொத்தாயிற்று. தாய் சம்பளமில்லாத வேலைக்காரியானாள். 1956-ம் வருஷத்து இந்து மைனர் கார்டியன் சட்டமும் தகப்பனே கார்டியன், அவனுக்குப் 'பிறகு' தாய் என்றுதான் எழுதிற்று. பிறகு என்றால் அவன் செத்த பிறகு என்று மாத்திரம் அர்த்தமல்ல, அவன் கவனியாதபோதும் தாயே கார்டியன்தான் என்று சுப்ரீம் கோர்ட் சொல்வதற்கு 1999 ஆயிற்று.

இப்போது காலம் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2013-ல் கர்நாடக ஐக்கோர்ட் ஒரு வழக்கில், பையன் ஆறு மாதம் தகப்பனிடமும் ஆறு மாதம் தாயிடமும் இருக்கட்டும், படிப்பு முதலிய செலவை இருவரும் சரிபாதி ஏற்கட்டும் என்று தீர்ப்புச் செய்தது. 2015-ல் சட்டக் கமிஷனும் தனது 257-வது அறிக்கையில் இம்மாதிரிக் கூட்டுப் பொறுப்புக்குச் சட்டத்தில் இடம் வேண்டுமென்று சிபார்சு செய்தது. இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் இதற்குள்ளேயே ஒரு சூழ்ச்சியும் புறப்பட்டிருக்கிறது. "நாள் சமம், ஆகையால் நான் காலணாவும் கொடுக்க வேண்டியதில்லை" என்று சில புருஷர்கள் சொல்லுகிறார்கள். இது சமத்துவமா?

தோழர்களே! இது கணக்குத் தெரிந்த சீமை. பர்மாவிலும் மலேயாவிலும் கொடுத்த கடனுக்கு வட்டியைக் காசு பிசகாமல் பேரேட்டில் ஏற்றிய சீமை. கலியாணமான மகனை அதே வீட்டிற்குள் வேறு வைத்து, தனி அடுப்பும் தனிக் கணக்கும் கொடுத்த சீமை. வீடு ஒன்று, அடுப்பு இரண்டு என்பது உங்களுக்குப் புதிதல்ல. பிள்ளை ஒன்று, அடுப்பு இரண்டு என்றால் மாத்திரம் கணக்கு ஏன் குழம்ப வேண்டும்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தகப்பனுக்கு மாதம் 60,000 ரூபாய், தாய்க்கு 20,000 ரூபாய் வருமானமென்று வைத்துக்கொள்ளுவோம். பிள்ளைக்கு ஆகும் செலவு 16,000. வருமானத்தில் முக்கால் பங்கு தகப்பனுடையது; ஆகவே செலவிலும் முக்கால் பங்காகிய 12,000 அவனுடையது; தாயினுடையது 4,000. நாள் சமமானதால் இரண்டு வீட்டிலும் எட்டெட்டாயிரம் செலவாகும். அப்படியானால் தாய் தன் பங்குக்கு மேல் போடும் 4,000-ஐத் தகப்பன் மாதாமாதம் அவளுக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், பிள்ளை பாதி மாதம் பாலும் பாதி மாதம் நீராகாரமும் குடிக்கும். ஒரே பிள்ளை ஒரு வீட்டில் பணக்காரன், மறு வீட்டில் ஏழை!

இது நமது கற்பனையல்ல. ஆஸ்திரேலியாவில் 2008 முதல் இருவர் வருமானத்தையும் கூட்டி, பிள்ளை தங்கும் இரவுகளையும் எண்ணித்தான் தொகை கட்டுகிறார்கள். நமது நாட்டில் அப்படி அளவு கட்டிய சட்டமில்லை. நீதிபதியின் யோசனைக்கே விடப்பட்டிருக்கிறது. ஆனாலும் 2000-ல் சுப்ரீம் கோர்ட், இருவரும் சம்பாதிக்கும் ஒரு வழக்கில், தகப்பன் இரண்டு பங்கும் தாய் ஒரு பங்கும் ஏற்க வேண்டுமென்று வருமானத்தைப் பார்த்தே பிரித்தது. 2020-ல், ஜீவனாம்ச வழக்குகளில் இருவரும் தங்கள் வரும்படியையும் சொத்தையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டுமென்றும் கட்டளையிட்டது. சம்பளத்தை ஒளிப்பவர்களுக்கு இது நல்ல பூட்டு.

"தாய் அதிகம் சம்பாதித்தால்?" என்று கேட்பீர்கள். அப்போது அவள் கொடுக்கட்டும். 1956-ம் வருஷத்து ஜீவனாம்சச் சட்டம் பிள்ளையைக் காப்பாற்றும் கடமையைத் தாய் தகப்பன் இருவர் மீதும்தான் வைத்திருக்கிறது. நாம் கேட்பது பெண்ணுக்குச் சலுகையல்ல, பிள்ளைக்கு நியாயம். இந்தப் பணம் பெண்சாதிக்கு அழும் தண்டமுமல்ல. பிள்ளையின் சோறு, துணி, புத்தகம்.

ஆகவே தோழர்களே! பிரிய நேர்ந்தவர்கள், பள்ளிக்கூடச் சம்பளம் யார் கட்டுவது, வைத்தியச் செலவு யாருடையது, மாதம் எந்தத் தேதியில் பணம் கொடுப்பது, விலைவாசி ஏறினால் எவ்வளவு கூட்டுவது என்பனவற்றை எழுதி, கோர்ட்டில் பதிந்து கொள்ளுங்கள். பஞ்சாயத்தார் வாய்ச்சொல்லை நம்பி ஏமாறாதீர்கள். சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், வருமானத்துக்கேற்ற விகிதத்தைச் சட்டமாக்குவாயா என்று கேளுங்கள். பிரிந்தது புருஷனும் பெண்சாதியுமே தவிர, தாயும் தகப்பனுமல்ல என்பதைக் கணக்கில் காட்டும்படி செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.