காசு கொடுத்து வாங்கியது கையில் இருக்கட்டும்



போன தீபாவளிக்குச் செலாயாங்கிலிருந்து கோல சிலாங்கூர் பக்கம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடு. கைப்பேசிக்கு லைன் கிடைக்க வேண்டுமென்றால் வாசலைத் தாண்டி முருங்கை மரத்தடிக்கு வர வேண்டும். என் தங்கை மகனுக்கு 14 வயது. ஒரு மாதத்துக்கு முன்னால்தான் தன் உண்டியல் காசில் இணையக் கடை ஒன்றில் கணினி விளையாட்டு வாங்கியிருந்தான். பெரியம்மா பிள்ளைகளுக்கு அதைக் காட்டியே ஆகவேண்டும் என்று மடிக்கணினியையும் கட்டித் தூக்கி வந்துவிட்டான்.

முறுக்குத் தட்டைச் சுற்றி நான்கு பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். விளையாட்டைத் திறந்தான். இணையத்தில் இணைந்து கணக்கை உறுதிசெய்யும்படி ஒரு வரி வந்து திரை அப்படியே நின்றுவிட்டது. மடிக்கணினியை ஏந்திக்கொண்டு முருங்கை மரத்தடிக்கு நடந்தான், அங்கேயும் ஆகவில்லை. திரும்பி வந்து என்னிடம் கேட்டான்: "காசு கட்டித்தானே மாமா வாங்கினேன்? அப்புறம் எதுக்கு இவங்ககிட்ட கேட்டுக் கேட்டு விளையாடணும்?"

நியாயமான கேள்வி. அன்றைக்கு எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. பிறகு விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இன்று உங்களிடம் சொல்கிறேன்.

பல விளையாட்டுகளுக்குள் ஒரு பூட்டு இருக்கிறது. டி.ஆர்.எம். என்பார்கள். டிஜிட்டல் உரிமை மேலாண்மை என்பது அதன் விரிவு. ஆடுபவர் காசு கொடுத்தவர்தானா என்று விற்ற நிறுவனத்தின் கணினியிடம் கேட்டு, அது தலையாட்டினால்தான் விளையாட்டு திறக்கும். இந்தப் பூட்டு ஏன் வந்தது என்று கோலாலம்பூர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இம்பி பிளாசாவிலும் பசார் மாலாம் மேசைகளிலும் திருட்டு சிடிகள் குவிந்து கிடந்த காலம் நமக்கு நினைவிருக்கிறது. அந்தத் தொழிலைக் கட்டுப்படுத்தத்தான் அரசாங்கம் 2000ஆம் ஆண்டில் ஒளித்தட்டுச் சட்டமே கொண்டுவந்தது. உழைத்து உருவாக்கியவர்கள் பயந்து பூட்டுப் போட்டதில் தவறு காண முடியாது. ஆனால் திருடுகிறவன் பூட்டை உடைத்துவிட்டுப் போய்விடுகிறான். காசு கட்டிய பையன்தான் முருங்கை மரத்தடியில் நிற்கிறான்.

லைன் இல்லாத நேரத்தோடு இந்தச் சிக்கல் முடிந்துவிட்டால் பரவாயில்லை. விற்ற நிறுவனமே ஒருநாள் கடையைச் சாத்தினால் என்ன ஆகும்? யூபிசாஃப்ட் என்ற பிரெஞ்சு நிறுவனம் 2014இல் 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டை வெளியிட்டது. தனி ஆளாக ஆடினாலும் அதற்கு நிறுவனத்தின் சர்வர் வேண்டும். 2024 மார்ச் 31இல் அந்த சர்வரை நிறுத்தினார்கள். முழு விலை கொடுத்து வாங்கியவர்களின் விளையாட்டும் அன்றோடு முடிந்தது. 'விளையாட்டுகளைக் கொல்வதை நிறுத்துங்கள்' என்ற இயக்கம் அந்தக் கோபத்தில்தான் பிறந்தது. ஐரோப்பாவில் அவர்கள் தொடங்கிய மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையொப்பங்களைத் தாண்டியது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது: உரிமம் மட்டும் தருகிற இணையக் கடை, அதை மறைத்து 'வாங்குங்கள்' என்று வெறுமனே பொத்தான் வைக்கக்கூடாது, நீங்கள் பெறுவது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

இதற்கு மாற்று வழி உண்டு, நேயர்களே. பூட்டே இல்லாமல் விற்கிற கடைகள் இருக்கின்றன. போலந்து நாட்டின் சிடி புரொஜெக்ட் நிறுவனம் 2008இல் தொடங்கிய 'ஜிஓஜி' அவற்றில் பெரியது. 'குட் ஓல்ட் கேம்ஸ்' என்பதன் சுருக்கம் அது. பெயருக்கு ஏற்றபடி பழைய விளையாட்டுகளைத் தேடிப் பிடித்து இன்றைய கணினியில் ஓடும்படி செய்து விற்கத் தொடங்கினார்கள். 1999இல் வந்த 'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3', அதே ஆண்டின் 'ரோலர்கோஸ்டர் டைக்கூன்' இரண்டும் அங்கே கிடைக்கின்றன. சிறிய குழுக்கள் செய்யும் விளையாட்டுகளுக்கு 'இட்ச்' என்ற தளம் 2013 முதல் இருக்கிறது. இவற்றில் வாங்கும்போது, விளையாட்டை நிறுவுவதற்கான முழுக் கோப்பையும் நம் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அதை எடுத்து வைத்துக்கொண்டால் இணையமும் வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம்.

ஆனால், எடுத்து வைத்துக்கொண்டால்தான்! இங்கேதான் பலர் கோட்டை விடுகிறோம். வாங்குகிறோம், ஒருமுறை ஆடுகிறோம், கோப்பு கடையிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

செலாயாங் வீட்டில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நானும் தங்கை மகனும் செய்ததை அப்படியே சொல்கிறேன். 1 டெராபைட் கொள்ளளவுள்ள, சட்டைப் பைக்குள் அடங்குகிற ஹார்ட் டிஸ்க் ஒன்றை மேசையில் வைத்தோம். பூட்டில்லாத கடையில் இருந்த எங்கள் கணக்கில் நுழைந்து, ஒவ்வொரு விளையாட்டுக்கும் 'ஆஃப்லைன்' என்று குறித்திருந்த நிறுவு கோப்புகளை இறக்கினோம். சின்ன விளையாட்டுக்கு ஒரே கோப்புதான். பெரிய விளையாட்டு என்றால் ஒரு செட்டப் கோப்போடு 'பின்' என்று முடிகிற கோப்புகள் நான்கைந்து சேர்ந்து வரும். அதில் ஒன்று குறைந்தாலும் விளையாட்டு ஏறாது. அதனால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்புறை போட்டு, விளையாட்டின் பெயரையும் இறக்கிய தேதியையும் எழுதினோம். பின்னால் திருத்தப் பதிப்பு வந்தால் கையிலிருப்பது பழசு என்று அந்தத் தேதி காட்டிக்கொடுக்கும்.

அடுத்து செய்ததுதான் முக்கியம். ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கினேன். "என்ன மாமா!" என்று பதறினான். "இப்போ ஏத்திப் பாரு" என்றேன். அவன் செட்டப் கோப்பைத் தட்டினான். பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்து கடைசிக்குப் போய்ச் சேர்ந்தது. விளையாட்டு திறந்தது, எந்தக் கேள்வியும் வரவில்லை. அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இப்படி ஒருமுறை சோதித்துப் பார்க்காத பிரதியைப் பிரதி என்று நம்பாதீர்கள்.

ஒரு பிரதி போதாது. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அசலும் பிரதியும் ஒரே அலமாரியில் இருந்தால், தண்ணீர் இரண்டையும் சேர்த்துத்தான் கொண்டுபோகும். புகைப்படக்காரர்களும் கணினிக்காரர்களும் 3-2-1 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்கள், அவற்றில் 1 வேறு இடத்தில். எங்களுக்கு அந்த வேறு இடம் அக்கா வீடு. நம் ஊர் ஈரக் காற்றில் பழைய சிடிகளில் பூஞ்சை பிடிப்பதும் உங்களுக்குத் தெரியும். ஹார்ட் டிஸ்க்கைக் காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது மின்சாரம் கொடுத்துத் திறந்து பாருங்கள்.

ஒரு நேர்மையும் இதில் வேண்டும். பூட்டில்லாமல் விற்றவர் நம்மை நம்பி விற்றிருக்கிறார். அந்தக் கோப்பை நண்பர்களுக்கெல்லாம் பகிர்ந்தால், அது இம்பி பிளாசா கதையேதான். நம் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 40ஆவது பிரிவு, கணினி நிரலின் பிரதிக்குச் சொந்தக்காரர் அது தொலைந்தாலோ கெட்டுப்போனாலோ பயன்படுத்தக் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. ஊருக்கு வினியோகம் செய்ய இடம் தரவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இணையத்தில் பலர் சேர்ந்தே ஆடுகிற விளையாட்டுகளை இந்த முறையில் காப்பாற்ற முடியாது. சர்வர் போனால் அவையும் போகும்.

விளையாட்டுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று சில பெற்றோர் நினைக்கலாம். 2023 ஜூலை 31இல் 'வெண்பா' என்று ஒரு விளையாட்டு வெளிவந்தது. கனடாவின் டொரொண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு செய்தது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தின் கதை. அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் போயிருக்கிறது. அழிந்த வரிகளை ஊகித்து இட்லி அவிக்க வேண்டும், மற்ற பலகாரங்களைச் செய்ய வேண்டும், அதுதான் ஆட்டம். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு அதற்குச் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதைக் கொடுத்தது. நம் அடுப்படியும் நம் பேச்சும் இருக்கிற விளையாட்டு அது. கிழிந்த குறிப்பேட்டைப் பற்றிய அந்தப் படைப்பே நாளைக்குத் திறக்க முடியாமல் போய்விடக் கூடாதல்லவா? எந்த விளையாட்டை வாங்கும் முன்பும் பூட்டில்லாத பதிப்பு எங்கே கிடைக்கும் என்று தேடுங்கள். கிடைக்கவில்லையென்றால் உருவாக்கியவர்களுக்கே எழுதிக் கேளுங்கள்.

பொங்கலுக்கு மறுபடியும் அக்கா வீட்டுக்குப் போனோம். தங்கை மகன் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு வெள்ளை டேப்பை ஒட்டி, அதில் எழுதி வைத்திருந்தான்: 'பெரியம்மா வீட்டுப் பிரதி. ஜனவரி.' வீட்டுப் பத்திரமும் பிறப்புப் பத்திரங்களும் இருக்கும் இரும்புப் பெட்டியை அக்கா திறந்தார். "இதையும் இதுலயே வச்சிடறேன்டா" என்று வாங்கி உள்ளே வைத்தார். அவனுடைய மடிக்கணினி திண்ணையில் திறந்திருந்தது. முருங்கை மரத்தடிக்கு அன்றைக்கு யாரும் நடக்கவில்லை.

இந்த வாரக் கடைசியில் உங்கள் பிள்ளைகளோடு உட்காருங்கள். நீங்கள் வாங்கியவற்றில் எத்தனை உங்கள் கையில் இருக்கின்றன என்று ரவுட்டரை அணைத்துவிட்டு எண்ணிப் பாருங்கள்.