பிடிக்கணும்னா பிரேக் போடு: கெர்பல் கத்துக்கொடுக்கும் சுற்றுப்பாதை

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். நீங்க ஒரு விண்கலத்துல பூமியைச் சுத்திட்டு இருக்கீங்க. அதே பாதையில கொஞ்ச தூரம் முன்னாடி இன்னொரு கலம் போகுது. அதைப் பிடிக்கணும். என்ன பண்ணுவீங்க?

வேகத்தைக் கூட்டுவேன்னுதான் முதல்ல தோணும். ரோட்டுல பைக் ஓட்டிப் பழகின மூளை அப்படித்தான் சொல்லும். 1965 ஜூன் மாசம் ஜெமினி 4 கலத்துல போன ஜேம்ஸ் மெக்டிவிட்டும் அதைத்தான் முயற்சி பண்ணினார். கழன்று போன ராக்கெட் பகுதியைக் குறிபார்த்து உந்தினார். நெருங்க முடியலை. எரிபொருள் கரைஞ்சதுதான் மிச்சம், கடைசியில கைவிட்டாங்க.

காரணம் இதுதான். வேகத்தைக் கூட்டினா, பாதையோட எதிர்ப்பக்கம் உயரும். வட்டம் பெருசாகும், ஒரு சுத்துக்கு ஆகுற நேரமும் கூடும். அதனால பின்தங்கிடுவோம். முன்னாடி போறதைப் பிடிக்கணும்னா வேகத்தைக் குறைக்கணும். கீழே இறங்கி, சின்ன பாதையில சீக்கிரமா சுத்தி வந்து பிடிக்கணும். 400 கி.மீ. உயரத்துல ஒரு சுத்துக்கு சுமார் 92 நிமிஷம். கிட்டத்தட்ட 36,000 கி.மீ. உயரத்துல ஒரு முழு நாள்.

கெப்ளரோட மூணாவது விதியை எழுதி மார்க் வாங்கினவங்க நம்மள்ல நிறைய பேர் இருக்கோம். ஆனா மேல கேட்ட கேள்விக்கு அந்த ஃபார்முலா உடனே கை கொடுக்குதா? அந்த இடைவெளியைத்தான் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் நிரப்புது. 2015-ல முழு வடிவம் வந்த கேம். கோட் எழுதுறவன் கண்ணுக்கு இது ஒரு டீபக்கர் மாதிரி. எந்த இடத்துல, எந்தத் திசையில, எவ்வளவு நேரம் எஞ்சினை எரிக்கலாம்னு முன்கூட்டியே இழுத்துப் பார்க்கலாம். ஒரு சொட்டு எரிபொருள் செலவாகுறதுக்கு முன்னாடியே புதுப் பாதை திரையில வரைஞ்சு காட்டும்.

இதைப் பழகினப்புறம் செய்திகளே வேற மாதிரி புரியுது. 2023 ஜூலையில சந்திரயான்-3 ஏன் நேரா நிலாவுக்குப் போகாம பூமியையே சுத்திட்டு இருந்துச்சு? ஐந்து தடவை பாதையை உயர்த்தினாங்க. பூமிக்குப் பக்கத்துல வரும்போது உந்தினா, தூரத்துல இருக்கிற முனை இன்னும் தள்ளிப் போகும். கேம்ல நீங்க செய்யுறதும் அதேதான்.

ஒரு எச்சரிக்கை. இந்த கேம் ஒரு நேரத்துல ஒரு கோளோட ஈர்ப்பை மட்டும்தான் கணக்கில எடுக்கும். ஆதித்யா-எல்1 நிற்கிற மாதிரியான லக்ராஞ்சு புள்ளி எதுவும் இதுல கிடையாது. அதனால இது ஆரம்பப் பாடம்தான். அதுக்கு மேல போக கணக்கு வேணும்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை பண்ணுங்க. கெர்பின் கோளைச் சுத்தி 100 கி.மீ. உயரத்துல ஒரு வட்டப்பாதை போடுங்க. போற திசையிலேயே கொஞ்சம் எரிங்க. பாதையோட எந்தப் பக்கம் நகருதுன்னு பாருங்க. அப்புறம் அந்தப் பழைய ஃபார்முலாவை எடுத்துப் படிங்க. இந்தத் தடவை அது மார்க்குக்காக இருக்காது.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.