மூங்கிலைத் தட்டிப் பார்த்து வாங்குங்கள்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சிவில் இன்ஜினீயர் வந்திருக்கிறான், பாலத்தைப் பற்றிப் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேசப் போவது ஏணியைப் பற்றி.

2016-ல் மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தோம். ஏணி வாங்கி வந்தவன் நான். கடையில் இரண்டு விதம் இருந்தது. ஒன்று ஒல்லி, ஆனால் கனம், விலையும் அதிகம். இன்னொன்று தடியாக, தூக்க லேசாக, விலை குறைவாக இருந்தது. 'தடியாத்தானே இருக்கு, தாங்கும்' என்று அதையே எடுத்து வந்தேன். மூன்றாம் நாள் பெயிண்டர் மேலே நிற்கும்போது, படி செருகிய துளையிலிருந்து பக்கக் கழி நீளவாக்கில் பிளந்தது. விழுந்தவருக்கு மணிக்கட்டு முறிந்து, ஒன்றரை மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. வைத்தியச் செலவும் கூலியும் கொடுத்தேன். ஆனால் அவர் மனைவி, "நீங்க இன்ஜினீயர்தானே சார்?" என்று கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

உடைந்த துண்டோடு வேறொரு மூங்கில் கடைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் பார்த்த உடனே, "இது பெருமூங்கிலோட தலைப்பக்கம் தம்பி, அதுவும் இளசு. ஏணிக்கு ஆகாது" என்றார். அவரிடம் கேட்டதையும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

நம் பக்கம் அதிகம் பார்ப்பது மூன்று வகை. முதலாவது கல்மூங்கில், தாவரவியலில் டென்ட்ரோகேலமஸ் ஸ்ட்ரிக்டஸ். பெரும்பாலும் 8 செ.மீ. பருமனுக்குள் இருக்கும். வறண்ட இடத்தில் வளர்ந்தது உள்ளே கிட்டத்தட்ட கெட்டி. ஏணிக்கும் லத்திக்கும் ஏற்றது இதுதான். இரண்டாவது பெருமூங்கில், அதாவது முள் மூங்கில், பாம்பூசா பாம்போஸ். 30 மீட்டர் வரை உயரும். புதரில் கணுதோறும் முள் இருக்கும். அடிப்பக்கம் சுவர் கெட்டி, மேலே போகப்போக மெலியும். பந்தல், கூரை, கூடை, காகிதக் கூழ் எல்லாவற்றுக்கும் பயன்படுகிறது. இது பூத்துக் காய்த்ததும் பட்டுப்போகும். அந்த விதைதான் மூங்கில் அரிசி. மூன்றாவது, பூங்காக்களில் அழகுக்கு வைக்கும் மஞ்சள் மூங்கில்; பச்சைக் கோடு போட்டிருக்கும், முள் கிடையாது. மாவுச்சத்து அதிகம் என்பதால் பூச்சி சீக்கிரம் துளைத்துவிடும்.

பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. ஈரமான இடத்தில் வளர்ந்தால் கல்மூங்கிலும் உள்ளே பொள்ளலாக இருக்கும். ஆகவே வெட்டுமுகத்தைப் பாருங்கள். மூங்கில் ஒரு புல். ஒரே பருவத்தில் முழு உயரமும் வளர்ந்துவிடும்; அதன்பின் பருக்காது, உள்ளே கெட்டிப்படுவது மட்டும்தான். அதற்கு மூன்று நான்கு வருஷம் ஆகும். பருமனைப் பார்த்து வலுவை எடைபோட்டேனே, அங்கேதான் தவறினேன். தட்டிப் பார்த்தால் முற்றியது 'ணங்' என்னும், இளசு 'பொத்' என்னும். அதோடு, மூங்கில் நாரின் வாக்கில் இழுத்தால் நன்றாகத் தாங்கும். பிளப்பதற்கோ சுலபமாக இடங்கொடுக்கும். மெல்லிய சுவரில் துளை போட்டால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் பார்த்தாயிற்று.

1927-ஆம் வருஷத்து வனச் சட்டம் மூங்கிலை மரமாகக் கணக்கில் வைத்திருந்தது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை அந்தக் கணக்கிலிருந்து 2017-ல்தான் எடுத்தார்கள். மூங்கில் கட்டுமானத்துக்கு 2012-லேயே ஐ.எஸ். 15912 என்ற விதிமுறை வந்துவிட்டது. விபத்துக்குப் பிறகுதான் அதை நான் பிரித்துப் பார்த்தேன்.

தம்பி தங்கைகளே, நாளை உங்கள் சைட்டில் ஏணி ஏறப்போவது நீங்கள் அல்ல, இன்னொருவர். அவர் கால் வைப்பதற்கு முன் ஒரு நிமிஷம் குனிந்து வெட்டுமுகத்தைப் பாருங்கள், ஒரு தட்டு தட்டுங்கள். கடைக்காரப் பெரியவரிடம் கேட்பதில் நம் பட்டத்துக்கு ஒரு குறைவும் வந்துவிடாது.