அப்பா வழியிலும் வரும்

(அறிவியல் ஆசிரியர் பணியிடைப் பயிற்சியில் பேசியது)

பத்தாம் வகுப்பு மரபியல் பாடத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மெண்டலின் பட்டாணிச் செடி நம் எல்லோருக்கும் மனப்பாடம். அதனால் அதை விட்டுவிட்டு, நான் தப்பாகச் சொன்ன ஒரு பதிலைச் சொல்கிறேன்.

போன ஆண்டு அந்தப் பாடம் முடிந்த அன்று ஒரு மாணவி தனியாக வந்தாள். "டீச்சர், எங்க அத்தை 34 வயசுல மார்பகப் புற்றுநோய்ல இறந்துட்டாங்க. அப்பத்தாவுக்கும் 40 வயசுல அதுக்குத்தான் ஆபரேஷன். எனக்கும் வருமா?"

"அது அப்பா வழிதானேம்மா, அம்மா பக்கம் இருந்தால்தான் யோசிக்கணும்" என்றேன். அவள் முகம் தெளிந்துவிட்டது.

எனக்குத்தான் அன்று இரவு உறுத்தியது. ஒவ்வொரு மரபணுவிலும் ஒரு நகல் தாயிடமிருந்து, ஒரு நகல் தந்தையிடமிருந்து என்று அதே வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான்தான். அரசு மருத்துவராக இருக்கும் தோழிக்குப் போன் செய்தேன். நன்றாகத் திட்டு வாங்கினேன்.

இளம் வயதில் மார்பகப் புற்றுநோய் வந்த குடும்பங்களை ஆராய்ந்து, அதற்குக் காரணமான ஒரு மரபணு 17ஆம் குரோமோசோமில் இருப்பதாக 1990இல் காட்டியவர் அமெரிக்காவின் மேரி கிளேர் கிங். அதுதான் பி.ஆர்.சி.ஏ.1. அதன் கூட்டாளி பி.ஆர்.சி.ஏ.2 இருப்பது 13ஆம் குரோமோசோமில். இரண்டுமே பால் குரோமோசோம்கள் அல்ல. ஆகவே தந்தையும் மகளுக்குக் கொடுக்கலாம், தனக்கு எந்த நோயும் வராமலே.

இந்த மரபணுக்களின் வேலை, அறுந்துபோன டி.என்.ஏ.வைச் சரிசெய்வது. விடைத்தாளைச் சரிபார்க்க இரண்டு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அதில் ஒருவர் முதல் நாளிலிருந்தே விடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவரும் போய்விட்டால் பிழைகள் அப்படியே சேரும். பழுதான நகலுடன் பிறந்தவர்களுக்குச் சிறு வயதிலேயே நோய் வருவது இதனால்தான். அப்படிப்பட்ட பெண்கள் 100 பேரில் சுமார் 70 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரலாம். ஆனால் மார்பகப் புற்றுநோய் வந்த 100 பேரை எடுத்துக்கொண்டால், பரம்பரையாக வந்தது 5 முதல் 10 பேருக்குத்தான். இந்த இரண்டு கணக்கையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அத்தைக்கு அந்தப் பழுது பரம்பரையாக வந்திருந்தால், அப்பாவுக்கு இருக்க வாய்ப்பு பாதி, மகளுக்குக் கால். மெண்டல் கணக்குதான்.

இன்னொன்று. வகுப்பில் பிள்ளைகளிடம் சொந்த வீட்டு நோய்களை வைத்து வம்சாவளிப் படம் வரையச் சொல்லாதீர்கள். அது நாளை பெண் பார்க்க வருகிற வீடு வரைக்கும் போய்விடும்.

மறுவாரம் அவளை அழைத்து, "நான் சொன்னது தப்பும்மா" என்றேன். 15 வயதில் அவளுக்கு எந்தப் பரிசோதனையும் தேவையில்லை, 18 வயதுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அப்பாவை மட்டும் வரச்சொல் என்றேன். வந்தார்.

"ஆம்பளைக்கும் இந்த டெஸ்ட் எடுப்பாங்களா டீச்சர்?"

"எடுப்பாங்கய்யா. ஆனா நோய் வந்தவங்களுக்குத்தான் முதல்ல எடுக்கணும். உங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க. அவங்களுக்கு இருந்தா அடுத்து உங்களுக்கு."

அப்பத்தாவைச் சம்மதிக்க வைக்கவே இரண்டு மாதம் ஆனது. இப்போது ரத்தம் கொடுத்திருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை.