இடைவழியில் நில்லாத கல்விக்கொடை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடை இசைக்கும் நாடகத்திற்கும் உரியது. அவற்றிற்கு இடையே சிறிது நேரம் பொருளைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்திருக்கின்றனர். தமிழில் பொருள் என்னும் சொல் கருத்தையும் குறிக்கும், காசையும் குறிக்கும். இன்று நாம் எடுத்துக்கொண்டது இரண்டும் சேர்ந்த பொருள். வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளின் கல்விக்கு நாம் உதவுவது எவ்வாறு? உதவ வேண்டும் என்பதில் இந்த அவையில் இரண்டு கருத்து இருக்க முடியாது. எவ்வாறு உதவுவது என்பதில்தான் சிந்தனை வேண்டியிருக்கிறது.

நாம் இந்த மண்ணுக்கு வந்த வரலாற்றை முதலில் எண்ணிப் பார்ப்போம். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் இங்கிலாந்துக் கம்பெனி தங்கவயலில் கால் வைத்தது. அதன் பின்னர் வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து நம் முன்னோர் குடும்பம் குடும்பமாக வந்தனர். பெரும்பாலோர் நிலமற்றவர்; பலர் ஊர்க்கோடியில் ஒதுக்கி வைக்கப்பட்டவர். மூங்கில் தட்டிக் குடிசைகளில் வாழ்ந்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. நூற்று இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் பொன் இந்த மண்ணிலிருந்து வெளியேறியது. தோண்டியவர்களின் பிள்ளைகளுக்கு எஞ்சியவை லைன் வீடுகளும் சயனைடு மேடுகளுமே.

ஆயினும் அந்தத் தொழிலாளர்கள் வேறொரு செல்வத்தைத் தேடிக்கொண்டனர். 1907 ஜூன் மாதம் பண்டிதர் அயோத்திதாசர் சென்னை இராயப்பேட்டையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். இதழின் விலையே அதன் பெயராயிற்று. அந்த இதழைத் தாங்கி நின்ற ஊர்களுள் தங்கவயல் முதன்மையானது. மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை அமைந்தது. 1914இல் பண்டிதர் மறைந்து, சில ஆண்டுகளில் இதழும் நின்றுபோனபொழுது, 1926இல் இதே தங்கவயலிலிருந்து ‘தமிழன்’ மீண்டும் வெளிவந்தது, ஜி. அப்பாதுரையார் அதன் ஆசிரியராய் விளங்கினார். நாட்கூலி பெற்றவர்கள் அறிவுக்கென்று காசை எடுத்து வைத்த ஊர் இது. ஆகவே, ‘நாம் எளியவர்கள், பிறர் பிள்ளையைப் படிக்க வைக்க நமக்கு ஏது வசதி?’ என்று கேட்கும் உரிமை நமக்கு இல்லை. நம்மினும் எளியவர்கள் அதைச் செய்து காட்டியிருக்கின்றனர்.

இன்றைய நிலை என்ன? 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அதன் பின்னர் நம் இளைஞர்களுக்கு வாழ்வளிப்பது பெங்களூர் இரயில். விடியுமுன் எழுந்து, மாரிக்குப்பத்திலும் கோரமண்டலிலும் உரிகத்திலும் ஏறி, இரவில் திரும்புகின்றவர் ஆயிரக்கணக்கானோர். அவர்களுள் கணிப்பொறி நிறுவனத்திற்குச் செல்பவரும் உளர். துணிக்கடையில் நாள் முழுதும் நிற்பவரும், கட்டட வாயிலில் காவல் இருப்பவரும் உளர். ஒரே லைனில் பிறந்து ஒரே தெருவில் பந்தாடியவர்கள் அவர்கள். அவர்களை இரு கூறாகப் பிரித்தது திறமை அன்று. பள்ளிப் படிப்பு எந்த வகுப்பில் நின்றது என்பதே பெரும்பாலும் பிரித்தது.

படிப்பு நிற்கும் இடத்தை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையில் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்கிறது. அது பெரும் பேறு. ஆயின் சட்டத்தின் கை எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. குடும்பத்தின் தேவையோ அப்பொழுதுதான் வளர்கிறது. எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பையன் கைக்கு எட்டும் கூலியாகத் தந்தையின் கண்ணுக்குத் தெரிகிறான். பி.யு.சி. முடித்த பெண் பிள்ளைக்கோ கல்லூரிக் கட்டணமும் இரயில் பயணமும் இரவில் திரும்பும் அச்சமும் ஒன்றுகூடித் தடையாகின்றன. எனவே நம் உதவி பெரிதும் தேவைப்படுவது ஒன்பதாம் வகுப்பிலிருந்து மேலே. நாமோ இதுகாறும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வழங்குவதோடு மனநிறைவு கொள்ளும் வழக்கத்தில் இருக்கிறோம். அது தீதன்று, ஆனால் அது போதாது.

சுரங்கத்தை அறிந்த நமக்கு ஓர் உவமை எளிதில் விளங்கும். கேஜ் என்னும் இரும்புக் கூண்டு ஆழத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே வருகிறது. பாதி வழியில் அது நின்றுவிட்டால், ‘பாதித் தொலைவு ஏற்றிவிட்டோம்’ என்று எந்த இயக்குநராவது பெருமை கொள்வாரா? தரைக்கு வந்து கதவு திறந்தால்தான் அது ஏற்றம். கல்விக்கொடையும் அத்தகையதே.

இதற்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையைவிடத் தெளிவான சான்று இல்லை. 1907இல் அவர் மெட்ரிக்குலேஷன் தேறியபொழுது, கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்னும் ஆசிரியர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். பரிசோடு அவர் நின்றுவிடவில்லை. மேற்படிப்புக்குப் பணமின்றிக் குடும்பம் தடுமாறிய காலத்தில் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாடிடம் எடுத்துச் சொல்லி, மாதம் 25 ரூபாய் உதவிக்கு வழி செய்தார். 1913இல் அதே மன்னர் மூன்று ஆண்டு உதவித்தொகை அளித்து, நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்திற்கு அவரை அனுப்பினார். அங்கிருந்து அம்பேத்கர் இலண்டன் சென்று ஆய்வைத் தொடங்கினார். 1917இல் உதவிக்காலம் முடிந்தது. ஆய்வு முடியுமுன் அவர் கப்பலேற நேர்ந்தது. பம்பாயில் பேராசிரியராய் உழைத்துச் சேர்த்த பணமும், கோலாப்பூர் ஷாகு மன்னரின் உதவியும், ஒரு நண்பர் தந்த கடனும் கொண்டு 1920இல்தான் மீண்டும் இலண்டன் செல்ல முடிந்தது. 1923இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார்.

உதவி நின்றதனால் அம்பேத்கரைப் போன்ற பேரறிவாளருக்கே மூன்று ஆண்டு கழிந்தது. அவர் மீண்டு சென்று முடித்தார். நம் லைனில் பதினாறு வயதில் படிப்பை விட்டுக் கட்டட வேலைக்குப் போகும் பையன் மூன்று ஆண்டு கழித்து மீண்டும் வகுப்பறைக்குத் திரும்புவது அரிதினும் அரிது. கொடை இடையில் நின்றால் அவனுக்கு எல்லாம் நின்றதாகவே பொருள்.

தொடர்ந்து அளிக்கும் உதவி உண்மையில் பயன் தருகிறதா என்று கேட்பவர் உண்டு. அது நல்ல கேள்வியே. புரூஸ் வைடிக் என்னும் பொருளியல் அறிஞரும் அவருடைய இரு துணைவர்களும் 2013இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். ‘கம்பேஷன் இன்டர்நேஷனல்’ என்னும் கிறித்தவ நிறுவனம் ஒரு குழந்தைக்கு ஒரு கொடையாளர் என்ற முறையில் உதவி வந்தது. இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் பதினாயிரம் பேருக்கு மேற்பட்டோரின் நிலையை அவர்கள் ஆராய்ந்தனர். உதவி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட ஏறத்தாழ ஓர் ஆண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை மிகுதியாகப் படித்திருந்தனர். உயர்நிலைக் கல்வியை முடித்தவர்களின் விகிதமும் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்திருந்தது. கட்டணம் மட்டும் இதைச் செய்யவில்லை. ‘நீ படிப்பாய் என்று ஒருவர் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்’ என்ற எண்ணமும் பிள்ளையை வளர்க்கிறது என்பது அவ்வாய்வாளர்களின் கருத்து.

இதே நிறுவனத்தின் வரலாறு மற்றொரு பாடத்தையும் கற்பிக்கிறது. வெளிநாட்டு நன்கொடை பெறுவது பற்றிய அரசின் ஆணையால் அது 2017 மார்ச்சு மாதம் இந்தியாவை விட்டு வெளியேறியது. ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் குழந்தைகளுக்கு வந்துகொண்டிருந்த உதவி நின்றது. யார் பக்கம் நியாயம் என்று வழக்காடுவது நம் வேலை அன்று. கடல் கடந்து வரும் உதவி குழந்தைக்குத் தொடர்பில்லாத காரணத்தால் ஒரே நாளில் நின்றுவிடக்கூடும் என்பதே நாம் கருத வேண்டியது. பக்கத்துத் தெருவிலிருந்து வரும் சிறு தொகைக்கு அந்த அச்சம் குறைவு. கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே இரயிலில் செல்பவர்கள் அல்லரோ!

‘இது அரசின் கடமை, நாம் ஏன் சுமக்க வேண்டும்?’ என்று சிலர் கேட்பர். அரசின் கடமையே, ஐயமில்லை. தாழ்த்தப்பட்ட மாணவர்க்கு மெட்ரிக்குலேஷனுக்கு மேல் படிக்க அரசு உதவித்தொகை 1944ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது, இன்றும் உள்ளது. ஆனால் அதைப் பெறுவதற்குச் சாதிச் சான்று வேண்டும். வருமானச் சான்று வேண்டும். கணிப்பொறியில் விண்ணப்பம் அனுப்ப வேண்டும். எழுத்தறியாத பெற்றோர் அலுவலகத்திற்கும் வீட்டிற்குமாக அலைவர். தொகை வந்து சேர்வதற்கு முன்பே கல்லூரி கட்டணம் கேட்கும் நாள் வந்துவிடுகிறது. அந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் தவறிப் போகின்றனர். அரசின் கடமையை அரசிடம் உரத்துக் கேட்போம். ஆனால் நாம் கேட்டு முடிக்கும் வரையில் பிள்ளையின் வயது காத்திருக்காது.

இனி, செய்யத் தக்கவற்றைச் சங்கத்தின் முன் வைக்கிறோம்.

முதலாவது, கணக்கு. ஐம்பது வீட்டார் மாதம் நூறு ரூபாய் தருவதாகக் கொள்வோம். மாதம் 5,000, ஆண்டிற்கு 60,000. நான்கு பிள்ளைகளை ஏற்றால் ஒருவர்க்கு ஆண்டிற்கு 15,000 ரூபாய். கட்டணம், இரயில் பாஸ், புத்தகம் ஆகியவற்றில் ஏற்படும் குறையை நிரப்ப இது உதவும். ஒன்பதாம் வகுப்பு முதல் பட்டம் வரை ஏழு ஆண்டு. எனவே ஏழு ஆண்டுக்கு வாக்களிக்கக்கூடியவர் எத்தனை வீட்டார் என்று முதலில் எண்ணுவோம். அதன் பின்னரே எத்தனை பிள்ளைகள் என்று முடிவு செய்வோம். புதிய பிள்ளையை ஏற்குமுன், ஏற்ற பிள்ளைகளின் அடுத்த ஆண்டுத் தொகை வங்கியில் இருத்தல் வேண்டும். நூறு பேர்க்கு நோட்டுப் புத்தகம் தந்தால் கைதட்டல் மிகுதி. நால்வரைக் கரை சேர்த்தால் கைதட்டல் குறைவு. நாம் எதற்காகக் கொடுக்கிறோம் என்பதை அப்பொழுது நாமே அறிவோம்.

இரண்டாவது, தேர்வு. முதல் மதிப்பெண் பெறும் பிள்ளையைத் தேடிப் பலர் வருவர். தட்டுத் தடுமாறித் தேறுகின்ற பிள்ளைக்குத்தான் ஒருவரும் இல்லை. தந்தையை இழந்தவர், தாயின் வீட்டு வேலைக் கூலியில் வளர்பவர், சுரங்கத் தூசினால் நுரையீரல் நைந்த பாட்டனைப் பேணுகின்ற வீட்டினர் ஆகியோரை முதலில் எண்ணுவோம். ஐ.டி.ஐ. தொழிற்படிப்பும் டிப்ளமோவும் பட்டத்திற்குத் தாழ்ந்தவை அல்ல என்பதையும் மனத்தில் கொள்வோம். நால்வரில் இருவரேனும் பெண் பிள்ளைகளாய் இருக்கட்டும்.

மூன்றாவது, உழைப்பு. பணம் தர இயலாதவர் மாலையில் ஒரு மணி நேரம் தரலாம். வீட்டில் தமிழும் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமுமாய்ப் பயிலும் பிள்ளைக்குப் பாடத்தை விளக்க ஓர் அண்ணனோ அக்காளோ வேண்டும். சான்றிதழ் பெற அலுவலகத்திற்கு உடன் செல்ல ஒரு பெரியவர் வேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் எழுத்தர்களும் இந்த அவையில் இல்லையா?

நான்காவது, மானம். உதவி பெறும் பிள்ளையை மேடையேற்றிப் படம் எடுக்க வேண்டாம். மலரில் பெயர் போட வேண்டாம். பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தோழர்கள் முன் கையேந்தி நிற்பதைவிடப் படிப்பை விட்டுவிடுவதே மேலாகத் தோன்றும். நாம் தருவது பிச்சை அன்று. இந்த மண் நம் முன்னோர்க்குத் தர மறந்த பங்கில் ஒரு துளி. தொகை பள்ளிக்கும் கல்லூரிக்கும் நேரே செல்லட்டும். வரவு செலவுக் கணக்கு மட்டும் ஆண்டுதோறும் இந்த அவையின் முன் படிக்கப்படட்டும்.

‘படித்தவர்கள் ஊரை விட்டுப் போய்விடுவர், நமக்கு என்ன பயன்?’ என்று கேட்பவரும் உளர். போகட்டும். நம் முன்னோரும் பிறந்த ஊரை விட்டு வந்தவர்களே. அவர்கள் பசியினால் வந்தனர். நம் பிள்ளைகள் கல்வியினால் செல்லட்டும். அந்த வேறுபாடு ஒன்றே நம் கொடைக்குப் போதிய கைம்மாறு.

அன்பர்களே! விழா முடிந்து வெளியே செல்லும் வாயிலில் ஒரு பதிவேடு வைக்குமாறு சங்கச் செயலாளரைக் கேட்டுக்கொள்கிறோம். இன்று பணம் தர வேண்டா. பெயரையும், மாதம் எவ்வளவு, எத்தனை ஆண்டு என்பதையும் மட்டும் எழுதுங்கள். தொகையைச் சிறிதாக எழுதுங்கள். ஆண்டைக் குறைத்து எழுதாதீர்கள். நம்மை நம்பிப் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு வேண்டுவது அந்த ஆண்டுக் கணக்கே.